இதுல எவ்வளவு கழிக்கும்?

நேற்றுக் காலையில் தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். எங்கள் டவுன் சூப்பர்மார்க்கெட்டின் வாசலை ஒட்டி, சுற்றி வந்த பொலித்தீனைக்கூடப் பிரிக்காமல் இரண்டு மெஷின்கள். கீழே ஒரு வரி: "அக்கா, ஒன்னோட பழைய கூட்டாளிங்க இங்கயும் வந்துட்டாங்க."

கூட்டாளிகள்தான், மறுக்க முடியாது. கண்டியில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் நாலு வருடம் வேலை செய்தேன். முதல் இரண்டரை வருடம் கேஷியர். அப்புறம் ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போனால் மூன்று கேஷ் மேசைகளைக் காணவில்லை. அந்த இடத்தில், சாமான் வாங்குபவர் தானே பில் போட்டுக்கொள்ளும் நாலு செல்ஃப் செக்அவுட் மெஷின்கள் நின்றன. மேசைகளோடு போன மூன்று கதிரைகளில் ஒன்று என்னுடையது. என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை, அதைச் சொல்ல வேண்டும். மற்ற இரண்டு பேரில் ஒருத்தியை ராக்கை அடுக்கப் போட்டார்கள். இன்னொருத்தி கொஞ்ச நாளில் தானே போய்விட்டாள். எனக்குத் தமிழும் சிங்களமும் ஓடும் என்பதால் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது. ஒன்றரை வருடம் அந்த நாலுக்கும் நடுவில் நின்றேன். நின்றேன் என்றால் நின்றேனேதான். உட்கார அங்கே எதுவும் கிடையாது.

டவுன் சனங்கள் அதைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன்னால், அது என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

பொருளில் இருக்கும் பார்கோடைக் கண்ணாடிக்கு முன்னால் காட்ட வேண்டும். அந்தக் கோடுகளுக்குக் கீழே பெரும்பாலும் 13 இலக்கங்கள் இருக்கும். 479 என்று தொடங்கினால் அது இலங்கையில் பதிவான இலக்கம். 890 என்றால் இந்தியா. கடையிலேயே நிறுத்து ஒட்டுகிற மரக்கறி லேபல் 2இல் தொடங்கும். அதன் எடையோ விலையோ அந்த இலக்கங்களுக்குள்ளேயே இருக்கும். கடைசி இலக்கம் காவல்காரன் மாதிரி. முன்னால் இருக்கும் 12ஐயும் வைத்து ஒரு கணக்குப் போட்டால் அந்த 13ஆவது வர வேண்டும், வராவிட்டால் மெஷின் ஏற்காது. பால்மா பைக்கட்டைக் கசக்கிக் கொண்டுவந்து நீட்டினால் அது தப்பான விலையைப் போடாமல் பேசாமல் நிற்பது அதனால்தான். பைக்கட்டை இழுத்து நேராக்கிக் காட்டினால் போதும். பலர் பார்கோடைக் கண்ணாடியில் தேய்ப்பார்கள். தேய்க்க வேண்டியதில்லை, அது அம்மியில்லை.

காட்டிய பொருளைப் பக்கத்தில் இருக்கும் தட்டில், பைக்குள் வைக்க வேண்டும். சண்டையெல்லாம் இங்கேதான் தொடங்கும். அந்தத் தட்டுக்குக் கீழே ஒரு தராசு இருக்கிறது, வெளியே தெரியாது. நீங்கள் ஸ்கேன் பண்ணிய சவர்க்காரம் எத்தனை கிராம் இருக்க வேண்டும் என்று மெஷினுக்கு முன்பே தெரியும். தட்டில் ஏறிய எடையும் அதுவும் ஒத்துப்போனால் அடுத்ததற்குப் போகும். கூடினாலும் குறைந்தாலும் தலைக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும், நான் ஓட வேண்டும். பாதி நாள் காரணம் ஒன்றுமே இருக்காது. கண்டி மழைக்கு நனைந்த குடையைத் தட்டில் சாய்த்து வைத்திருப்பார்கள். ஹேண்ட்பேக்கை வைத்திருப்பார்கள். ஒரு தரம் ஒரு சின்னப் பையன் ஏறி உட்கார்ந்துவிட்டான். மெஷின் பாவம், ஒரு டின் மீனை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது.

திரையில் மூன்று மொழி வரும், தமிழும் இருந்தது. எங்கள் கடையில் அந்தத் தமிழை யார் எழுதினார்கள் என்று கடைசி வரை தெரியவில்லை. எடை ஒத்துப்போகாதபோது இப்படி வரும்: "பொதியிடும் பிரதேசத்தில் எதிர்பாராத பொருள்." புசல்லாவைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "பிரதேச சபையில என்னா புள்ள பிரச்சினை?" நான் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டேன். ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை. எங்களுக்குப் பிரதேசம் என்றால் ஊர் நிர்வாகம் பார்க்கும் அந்தச் சபைதானே. "பையில வச்ச சாமான எடுத்துட்டு திரும்ப வைங்க" என்று போட்டிருந்தால் நான் ஒரு நாளைக்கு இருபது தடவை நடப்பது குறைந்திருக்கும். மெனேஜர் சேரிடம் இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். கொழும்புக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார்.

சரி, குறை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். அந்த மெஷினைத் தேடி வருகிறவர்கள் இருந்தார்கள். யார் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். வேலைக்குப் போகும் அவசரக்காரர்கள் வருவார்கள், அது எதிர்பார்த்ததுதான். பாடசாலைப் பிள்ளைகளும் இளம் பெண்களும் வருவார்கள், சானிட்டரி நப்கின் வாங்க. கேஷில் ஒரு பையன் உட்கார்ந்து அதைத் தூக்கிப் பார்த்து, பழைய பேப்பரில் சுற்றி, வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் பார்க்க நீட்டுவானே, அந்தக் கூத்து மெஷினில் இல்லை. பொயிண்ட்ஸுக்குப் போன் நம்பர் கேட்பார்கள் இல்லையா, அதைச் சத்தம் போட்டுச் சொல்லாமல் தட்டிவிட்டுப் போகலாம். பின்னால் நிற்பவன் கேட்டு எழுதிக்கொண்டு இரவில் மெசேஜ் போட்ட கதை எனக்குத் தெரிந்தே உண்டு.

அப்புறம் எங்கள் ஆட்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டிக்கு வரும் அம்மாமார் பலருக்குச் சிங்களம் விளங்கும், ஆனால் பேச வாய் வராது. கேஷில் இருப்பவர் ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு மிச்சக் காசைக்கூட எண்ணாமல் போவார்கள். மெஷின் கேள்வி கேட்பதும் அரைகுறைத் தமிழில்தான், ஆனாலும் தமிழ். அதன் முன்னால் நின்று நிதானமாக, ஒவ்வொரு வரியாக, உதட்டை அசைத்துப் படித்துப் படித்துச் சாமான் வாங்கிய பெண்களைப் பார்த்திருக்கிறேன். பின்னால் வரிசை நீண்டாலும் நான் அவர்களை அவசரப்படுத்தியதில்லை.

அவர்களுக்கு வந்த கஷ்டம் வேறு. விரல் பிடிக்காது. எத்தனை தடவை தொட்டாலும் திரை அப்படியே கிடக்கும். முதலில் மெஷின் பழுது என்று நினைத்தேன். நான் தொட்டால் வேலை செய்யும். பிறகுதான் விளங்கியது. அந்த மாதிரித் திரை நாம் அழுத்துவதைப் பார்ப்பதில்லை. நம் உடம்பு கொஞ்சம் மின்சாரம் கடத்தும். விரல் பட்ட இடத்தில் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் மின்புலம் சற்று மாறும். அந்த மாற்றத்தைத்தான் அது பிடிக்கிறது. கொழுந்து எடுத்து எடுத்துத் தோல் காய்ந்து, தடித்து, வெடித்து, கறை ஏறிய விரல் நுனி என்றால் அந்த மாற்றம் போதாமல் போகும். இப்படி ஒரு விரல் இருக்கும் என்று மெஷின் செய்தவனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் கண்டுபிடித்த வைத்தியம், விரல் முட்டியால் தொடச் சொல்வது. கதவைத் தட்டுகிற மாதிரி. உடனே வேலை செய்யும். டவுனில் இருப்பவர்கள் இதை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரவில் போர்டிங்கில் தூக்கம் வராதபோது இந்த மெஷினின் பூர்வீகத்தைப் போனில் தேடிப் படிப்பேன். அமெரிக்காவில் மெம்பிஸ் என்ற ஊரில் 1916இல் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்ற ஆள் பிக்லி விக்லி என்று ஒரு கடை திறந்திருக்கிறார். அதற்கு முன்னால் அங்கேயும் நம்ம தோட்டக்கடை மாதிரிதான். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று "சீனி ஒரு கிலோ, பருப்பு அரைக் கிலோ" என்று கேட்க வேண்டும், கடைக்காரர் எடுத்துத் தருவார். சாண்டர்ஸ்தான் கூடையைக் கொடுத்து, நீங்களே போய் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டவர். அதே ஆள் 1937இல் கீடூசில் என்று இன்னொரு கடை திறந்தார். கண்ணாடிக்குப் பின்னால் சாமான் இருக்கும். கையில் ஒரு சாவி. வேண்டியதன் துளையில் சாவியைப் போட்டால் பெல்ட்டில் ஓடி வரும். அது அடிக்கடி பழுதாகி, கடைசியில் நிலைக்கவில்லை. வாடிக்கையாளரே ஸ்கேன் பண்ணும் மெஷின் வந்தது 1986இல், அட்லாண்டா பக்கத்தில் ஒரு கடையில். அதிலும் ஸ்கேன் பண்ணுவது நாம், பையில் போடுவதும் காசு வாங்குவதும் ஆட்கள். பாதி வேலையைத்தான் முதலில் நம் தலையில் கட்டினார்கள்.

இன்னொன்றும் படித்தேன். இங்கிலாந்தின் வடக்கே பூத்ஸ் என்ற கடைக்காரர்கள் 2023இல் இரண்டு கிளைகள் தவிர மற்ற எல்லாவற்றிலும் இந்த மெஷின்களைக் கழற்றிவிட்டு ஆட்களைத் திரும்பப் போட்டார்களாம். அந்தச் செய்தியை நான் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்திருந்தேன். யாரிடம் காட்டுவதற்கு என்று தெரியவில்லை.

களவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெஷின் வந்த பிறகு ஆட்களைச் சந்தேகமாகப் பார்ப்பதும் என் வேலையாகிவிட்டது, எனக்குப் பிடிக்காத பகுதி அதுதான். வாழைப்பழத்துக்குப் பார்கோட் கிடையாது. திரையில் படம் வரும், நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். கோழிக்குட்டு விலை கூட, அம்புல் விலை குறைவு. தராசுக்கு இரண்டும் ஒன்றுதான், ஒரு கிலோ என்றால் ஒரு கிலோ. சேர்ட்டை உள்ளே விட்டு, காரில் வரும் ஒரு ஐயா வாரத்தில் மூன்று நாள் கோழிக்குட்டுச் சீப்பை வைத்துவிட்டு அம்புல் படத்தைத் தொடுவார். மெஷின் ஒரு நாளும் சிவப்பு விளக்குப் போடவில்லை. நான் ஒரு முறை பக்கத்தில் போய், "சேர், படம் மாறிப் போச்சு போல" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மாற்றினார். அடுத்த வாரம் பழையபடி.

இப்போது அம்மாவின் கதைக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அம்மா 31 வருடம் கொழுந்து எடுத்தவர். கண் கிளினிக்குக்காகக் கண்டிக்கு வந்த ஒரு நாள், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ்ஸில் ஆடி ஆடி வந்து இறங்கி, கிளினிக் முடிந்ததும் என் கடையைப் பார்க்க வேண்டும் என்று வந்துவிட்டார். அன்றைக்கு மரக்கறிப் பக்கத்தில் ஒரு நிறுவை மெஷினும் புதிதாக வைத்திருந்தார்கள். நாமே வைத்து, படத்தைத் தொட்டு, லேபல் எடுத்து ஒட்ட வேண்டும். அம்மா கரட் கொஞ்சம், போஞ்சி கொஞ்சம் பொறுக்கிப் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு வந்தார். நான் தராசைக் காட்டினேன். அவர் பையை வைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டே கேட்டார்:

"இதுல எவ்வளவு கழிக்கும்?"

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. தோட்டத்தில் பெரும்பாலும் ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. கொழுந்தைத் தூக்கிக்கொண்டு, அதை நிறுக்கும் மடுவத்துக்குப் போய் வரிசையில் நின்று தராசில் மாட்டினால், முள் காட்டுகிற எடை ஒன்று, கணக்கப்பிள்ளை எழுதுகிற எடை வேறு. சாக்குக்கு ஒரு கிலோ, மழை என்றால் தண்ணிக்கு இன்னொன்று, முற்றல் என்று சொல்லி இன்னும் கொஞ்சம். அம்மாவின் தோட்டத்தில் அப்படித்தான் நடந்தது. கேட்டால் பதில் இருக்காது. அந்த இரண்டு கிலோவில்தான் சில நாள் முழுப்பேர் அரைப்பேராகும், முழுநாள் சம்பளம் பாதியாகும். தராசு என்றால் அதில் ஏதாவது கழிக்கத்தான் செய்வார்கள் என்பது அம்மாவுக்குச் சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி.

"கழிக்காதும்மா" என்றேன்.

"சும்மா சொல்லாத. பை இருக்குல்ல?"

பைக்குக் கழிக்கும், உண்மைதான். சரி என்று வெறும் பையைத் தட்டில் வைத்துக் காட்டினேன். 4 கிராம் என்று வந்தது. பொத்தானை அழுத்தினேன், சைபர் ஆனது. பையை எடுத்தேன், சைபருக்கு முன்னால் ஒரு கோடு விழுந்து கழித்தல் 4 என்று காட்டியது. அம்மா குனிந்து அந்த இலக்கத்தைப் பார்த்தார். கண் கிளினிக்கில் மருந்து விட்ட கண், நன்றாகத் தெரிந்திருக்காது. என்னிடம் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"நாலு கிராமா? கிலோ இல்லியா?"

"கிராம்."

"திரும்ப வையி."

மூன்று தடவை வைத்து எடுத்தோம். மூன்று தடவையும் அதே 4. பின்னால் ஒரு பெண் லீக்ஸ் கட்டோடு காத்துக்கொண்டிருந்தார். அம்மா நகரவில்லை. தன் கையாலேயே கரட் பையை வைத்தார், இலக்கத்தைப் பார்த்தார், ஒரு கரட்டை எடுத்துவிட்டுப் பார்த்தார், திரும்பப் போட்டுப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் தராசுக்குப் பக்கத்தில் நின்று எடையைத் தானே மாற்றியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அந்தச் சந்தோசம் செக்அவுட் மெஷின் வரைக்கும்தான். விரல் பிடிக்கவில்லை, முட்டியால் தட்டச் சொன்னேன், சரியானது. கரட்டை ஸ்கேன் பண்ணிப் பையில் வைத்தார். போஞ்சியையும் வைத்தார். அப்புறம் பழக்க தோசத்தில் பையை ஒரு கையால் மெல்லத் தூக்கிப் பார்த்தார். அம்மாவுக்கு எந்தத் தராசையும் விடத் தன் கை மீதுதான் நம்பிக்கை. கூடையைத் தூக்கியே இத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார், அரைக் கிலோ கூட மாறாது. பை மேலே போனதும் தட்டு வெறுமையானது. சிவப்பு விளக்கு எரிந்து, மெஷின் இங்கிலீஷில் சத்தம் போட்டது. அக்கம் பக்கத்தில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "நான் ஒண்ணும் எடுக்கல" என்றார். என்னிடம் சொல்லவில்லை. மெஷினிடம் சொன்னார்.

என் ஸ்டாஃப் கார்டை ஒத்தி விளக்கை அணைத்தேன். "அது எல்லாருக்கும் அப்படித்தாம்மா கத்தும்" என்றேன். காசை என் பேங்க் கார்டிலேயே கட்டினேன், அந்த மெஷின் நோட்டு வாங்காது. வெளியே பஸ் ஸ்டாண்ட் வரை அம்மா எதுவும் பேசவில்லை. பஸ்ஸில் ஏறும்போது மட்டும், "மொத மெசினு நல்லது" என்றார்.

கடையை விட்டு வந்து இப்போது ஒரு வருடத்துக்கு மேல். டவுனில் ஒரு கொமினிகேஷனில் போட்டோகொப்பி அடிக்கிறேன், ரீலோட் போடுகிறேன். பக்கத்தில் பேங்க் ஏடிஎம். 10ஆம் திகதி சம்பளம் விழுந்தால் வரிசை எங்கள் படி வரைக்கும் வரும், பாதிப் பேர் கார்டையும் துண்டில் எழுதிய பின் நம்பரையும் என்னிடமே நீட்டுவார்கள். "நம்பரை யாரிடமும் காட்டாதீங்க" என்று சொல்லிக்கொண்டே கூட நின்று காட்டிக்கொடுப்பேன். தானே செய்துகொள்ளும் மெஷின் என்று பெயர், ஆனால் எந்த மெஷினுக்குப் பக்கத்திலும் யாராவது ஒருத்தி நிற்க வேண்டியிருக்கிறது. பேங்க் எனக்கு அதற்குச் சம்பளம் தருவதில்லை.

டவுன் சூப்பர்மார்க்கெட் எப்படிச் சமாளிக்கப் போகிறது என்று தெரியவில்லை. இங்கே பாதி வியாபாரம் காசில்தான். முக்குக் கடை முதலாளியிடம் கடன் கொப்பி இருக்கிறது. 2022இல் மா விலையும் பால்மா விலையும் ஏறிய ஏற்றத்தில் பல லயங்களில் அடுப்பு எரிந்ததே அந்தக் கொப்பியால்தான். மெஷினுக்குக் கொப்பி கிடையாது. இப்போது ஷொப்பிங் பேக்குக்கும் காசு எடுக்க வேண்டும் என்று 2025 நவம்பரிலிருந்து சட்டம். அதனால் எத்தனை பை என்றும் அது கேட்கும். எங்கள் ஆட்கள் வீட்டிலிருந்து உரப்பையைக் கொண்டுவந்து தட்டில் வைக்கப் போகிறார்கள், அது எத்தனை கிராம் என்று தெரியாமல் மெஷின் முழிக்கப் போகிறது.

நேற்று மாலை அந்தக் கடை மெனேஜர் கொமினிகேஷனுக்கே வந்துவிட்டார். தம்பிதான் சொல்லியிருப்பான். கண்டியில் செய்த அதே வேலை, அனுபவம் இருக்கிறது, வருகிறீர்களா மிஸ் என்று கேட்டார். சம்பளம் பரவாயில்லை. வீட்டிலிருந்து நடந்தே போய் வரலாம்.

இரண்டு விசயம் கேட்டேன். திரையில் வரும் தமிழை ஒரு தடவை என்னிடம் காட்ட வேண்டும். அப்புறம், ஒரு கதிரை.

தமிழுக்கு உடனே சரி என்றார். கதிரையைப் பற்றிக் கேட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறார்.